அப்டேட்: எதை உடனே ஏற்பது, எதைத் தள்ளி வைப்பது, எதைத் தொடவே கூடாது

2025 ஆகஸ்ட் மாதம் நம்மில் பலருடைய ஆண்ட்ராய்டு போனில் ஒரு மாற்றம் வந்தது. இரவு படுக்கும்போது பார்த்த டயல் பக்கம் காலையில் வேறு மாதிரி இருந்தது. பிடித்தவர்கள் பட்டியலும் கடைசியாகப் பேசியவர்கள் பட்டியலும் ஒன்றாகக் கலந்துவிட்டன. எண் அழுத்தும் இடம் மாறியது. அழைப்பு வந்தால் மேல்நோக்கித் தள்ளி எடுத்துப் பழகியவர்கள், பக்கவாட்டில் தள்ள வேண்டியதாயிற்று. வயதானவர்களில் சிலருக்கு மணி அடிக்கும் போனை எப்படி எடுப்பது என்றே புரியவில்லை. "யாரோ போனுக்குள் புகுந்துவிட்டார்கள்" என்று பயந்தவர்களும் உண்டு.

நடந்தது இதுதான். கூகுள் நிறுவனம் தன்னுடைய 'போன்' செயலியின் தோற்றத்தை மாற்றியது. பிளே ஸ்டோரில் தானாக அப்டேட் ஆகும் வசதி பெரும்பாலான போன்களில் ஏற்கனவே திறந்திருப்பதால், யாரையும் கேட்காமல் அது உள்ளே வந்துவிட்டது. போன் தயாரித்த நிறுவனங்களிடம் மக்கள் கோபமாகக் கேட்டபோது, இது எங்கள் வேலை அல்ல, கூகுள் செயலியின் மாற்றம் என்று பதில் வந்தது. பழைய தோற்றத்துக்குத் திரும்ப வழியும் இருந்தது. போன் செயலியின் படத்தை அழுத்திப் பிடித்து, 'ஆப் இன்ஃபோ'வுக்குள் போய், மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுத்தால் போதும். அழைப்பை எடுக்கும் முறையை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் அந்தச் செயலியின் செட்டிங்ஸிலேயே, தள்ளி எடுப்பதற்குப் பதில் ஒரே தொடுதலில் எடுக்கும் தேர்வு இருக்கிறது. முதியவர்களின் போனில் இதைச் செய்து கொடுப்பது பெரிய உதவி.

அன்று பலர் வேறொரு முடிவுக்கும் போனார்கள். "இனி எந்த அப்டேட்டும் வேண்டாம்" என்று எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். கேட்காமல் வீட்டுக்குள் வந்து அலமாரியை மாற்றி வைத்தால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் அந்தக் கோபத்தில் கதவின் பூட்டைச் சரிசெய்ய வந்தவரையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். டயல் பக்கத்தின் தோற்றம், ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு, பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தம் எல்லாமே 'அப்டேட்' என்ற ஒரே பெயரில் வருவதால் வரும் குழப்பம் இது. அதே பெயரில் திருடனும் வருகிறான். அவனைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது?

"புது போன் வாங்க வைப்பதற்காகவே அப்டேட் அனுப்பி பழைய போனை மெதுவாக்குகிறார்கள்" என்று சொல்லாத வீடு இல்லை. இதை வெறும் வதந்தி என்று ஒதுக்க முடியாது.

2017 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு 10.2.1 என்ற அப்டேட்டை வெளியிட்டது. ஐபோன் 6, 6எஸ் போன்ற மாடல்களில் பேட்டரி பழசாகி, போன் திடீரென்று அணைந்துபோகும் கோளாறு அப்போது இருந்தது. லித்தியம் பேட்டரி வயதானால், போன் ஒரே நேரத்தில் அதிக மின்சாரம் இழுக்கும்போது அதனால் ஈடுகொடுக்க முடியாது. போன் அணைந்துவிடும். அதைத் தடுக்க, போனின் வேகத்தையே குறைக்கும் ஏற்பாட்டை அந்த அப்டேட்டுக்குள் ஆப்பிள் வைத்தது. வேகம் குறையும் என்பதை வாடிக்கையாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில், பேட்டரியை மாற்றியதும் போனின் வேகம் திரும்பி வருவதை ஒரு பயனாளர் கவனித்தார். வேகத்தை அளக்கும் செயலியை நடத்துபவர்கள் தங்களிடம் இருந்த அளவுகளை வெளியிட்டார்கள். விஷயம் உடைந்தது. டிசம்பர் 28 அன்று ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. அடுத்த ஆண்டு பேட்டரியின் நிலையை நாமே பார்க்கும் வசதியையும் ஐபோனில் சேர்த்தது. 2020இல் பிரான்ஸ் அரசின் நுகர்வோர் துறை 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அங்கே குற்றமாகச் சொல்லப்பட்டது, மக்களுக்குத் தெரிவிக்காமல் செய்தது.

அதற்கு முன் 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. நோட் 4 வைத்திருந்தவர்களை, அந்தப் போனால் தாங்க முடியாத புதிய ஆண்ட்ராய்டு பதிப்பை ஏற்றும்படி தூண்டினார்கள் என்பது சாம்சங் மீதான புகார்.

ஆகவே நம் சந்தேகத்துக்கு வரலாறு இருக்கிறது. ஆனால் இந்த வழக்குகளை ஊன்றிப் பார்த்தால், சிக்கல் வந்தது பெரிய பதிப்பு மாற்றங்களிலும், போனின் இயக்கத்தையே மாற்றிய ஏற்பாட்டிலும்தான். மாதாமாதம் வரும் சிறிய பாதுகாப்புத் திருத்தத்தின் கதை வேறு.

பாதுகாப்புத் திருத்தம் ஏன் வருகிறது?

2015 ஜூலையில் ஆண்ட்ராய்டில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதற்கு 'ஸ்டேஜ்ஃப்ரைட்' என்று பெயர். வீடியோவைக் கையாளும் ஆண்ட்ராய்டின் பகுதியில் இருந்த பிழை அது. அதைப் பயன்படுத்தி, ஒரு எம்எம்எஸ் செய்தி அனுப்பியே போனுக்குள் நுழைய முடியும். நாம் அதைத் திறக்க வேண்டும் என்றுகூட இல்லை. உலகில் அப்போது இருந்த ஆண்ட்ராய்டு போன்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்தப் பிழை இருந்தது. அதற்குப் பிறகுதான், 2015 ஆகஸ்ட் முதல், கூகுளும் சாம்சங்கும் மாதம் ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கின.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. திருத்தம் வெளியாகும்போது, ஓட்டை எங்கே இருந்தது என்பதும் உலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. திருத்தத்தைப் படித்துப் பார்த்துத் திருடனும் வழியைக் கற்றுக்கொள்கிறான். எனவே திருத்தம் வந்த பிறகும் அதை ஏற்றாத போனுக்கு, முன்னைவிட ஆபத்து கூடுகிறது. கம்ப்யூட்டரில் இது கண்முன் நடந்தது. மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று விண்டோஸில் ஒரு ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. 'வானாக்ரை' என்ற வைரஸ் மே 12 அன்று பரவத் தொடங்கியது. இடையில் 59 நாள் இருந்தது. அந்த 59 நாளில் திருத்தத்தை ஏற்றாமல் விட்ட கம்ப்யூட்டர்கள்தான் சிக்கின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாயின.

நம் வீடுகளில் போன் கைமாறும் விதம்

வெளிநாட்டிலிருந்து வாப்பாவோ மகனோ புது போன் அனுப்புகிறார். அது கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் போகிறது. பிள்ளையின் பழைய போன் உம்மாவுக்கு. உம்மாவின் போன் உம்மம்மாவுக்கு. எதையும் வீணாக்காத நல்ல வழக்கம்தான். ஆனால் அதன் விளைவைக் கவனிக்க வேண்டும். வீட்டிலேயே பழைய போன், அதாவது பாதுகாப்புத் திருத்தம் எப்போதோ நின்றுபோன போன், ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்கச் சிரமப்படுபவர் கையில் இருக்கிறது. பல வீடுகளில் மாதாமாதம் பணம் வந்து விழும் வங்கிக் கணக்கும் அந்தப் போனின் எண்ணில்தான் இணைந்திருக்கிறது.

எனவே இன்று வீட்டில் உள்ள ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனையும் எடுத்துப் பாருங்கள். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குள் போய் 'ஆண்ட்ராய்டு வெர்ஷன்' அல்லது 'சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்' தொட்டால், 'ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்' அல்லது 'செக்யூரிட்டி பேட்ச் லெவல்' என்று ஒரு தேதி இருக்கும். கடந்த சில மாதங்களுக்குள் இருந்தால் நல்லது. ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்து, 'செக் ஃபார் அப்டேட்' கொடுத்தும் எதுவும் வரவில்லை என்றால், அந்தப் போனுக்கு நிறுவனம் திருத்தம் அனுப்புவதை நிறுத்தியிருக்கக்கூடும்.

அப்படிப்பட்ட போனைத் தூக்கிப் போட வேண்டாம். பேச, கிராஅத் கேட்க, தொழுகை நேரம் பார்க்கப் போதும். வங்கிச் செயலியையும் ஜிபே, போன்பே போன்றவற்றையும் அதிலிருந்து எடுத்துவிட்டு, வங்கியில் பதிந்த சிம்மை வீட்டில் திருத்தம் வந்துகொண்டிருக்கும் வேறொரு போனுக்கு மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது கேமராவைப் பற்றிக் கேட்பதோடு, "எத்தனை வருஷத்துக்கு செக்யூரிட்டி அப்டேட் வரும்?" என்றும் கடையில் கேளுங்கள். கூகுள் தன் பிக்சல் 8க்கும், சாம்சங் தன் எஸ்24க்கும் ஏழு ஆண்டு என்று அறிவித்தன. அவை விலை உயர்ந்தவை. விலை குறைந்த போன்களில் இந்தக் காலம் பெரும்பாலும் குறைவு. ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று வாங்கிய போன் இரண்டு வருஷத்தில் திருத்தம் இல்லாமல் போனால், அது மிச்சமா என்று யோசிக்க வேண்டும்.

எப்போது ஏற்றுவது?

பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வந்தால் அந்த வாரத்திலேயே ஏற்றிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 15இலிருந்து 16 என்பது போலப் பதிப்பே மாறுகிறதென்றால் இரண்டு வாரம் பொறுக்கலாம். 2014 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட 8.0.1 அப்டேட்டை ஏற்றிய ஐபோன் 6 பலவற்றில் சிக்னலே போய்விட்டது. சுமார் ஒரு மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்று, அடுத்த நாள் சரிசெய்ததை வெளியிட்டார்கள். பொறுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய போனில் சேமிப்பு இடம் நிறைந்து கிடந்தால் இன்னும் யோசித்துச் செய்யுங்கள்.

ஏற்றுவதற்கு முன் போட்டோக்களையும் வாட்ஸ்அப்பையும் பேக்அப் எடுங்கள். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். பாதியில் அணைக்காதீர்கள். முதல் ஓரிரு நாள் போன் சூடாகவும் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதாகவும் தெரியும். உள்ளே கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலை நடப்பதால் அப்படி. ஒரு வாரமாகியும் நிற்கவில்லை என்றால் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு பாங்கு சொல்லும் செயலி சத்தம் போடவில்லை என்றால், பேட்டரி சிக்கனம் அதை முடக்கியிருக்கலாம். அந்தச் செயலியின் பேட்டரி அமைப்பை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றிப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் 'அப்டேட்'

"உங்கள் வங்கிக் கணக்கின் கேஒய்சி அப்டேட் செய்யப்படவில்லை, இன்றே முடங்கும்" என்று ஒரு செய்தி வரும். கூடவே 'ஏபிகே' என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். போக்குவரத்து அபராத ரசீது என்றும், கல்யாணப் பத்திரிகை என்றும்கூட இதே கோப்பு வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரலாம், ஏனென்றால் அவர் போன் முன்பே சிக்கியிருக்கும். அதை நிறுவினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி நேரே திருடனுக்குப் போய்விடும்.

உண்மையான அப்டேட் செட்டிங்ஸிலும் பிளே ஸ்டோரிலும் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலும்தான் இருக்கும். வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ கோப்பாக எந்த வங்கியும் அனுப்பாது. சந்தேகமாக இருந்தால் செய்தியை மூடிவிட்டு செட்டிங்ஸுக்குள் நீங்களே போய்ப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அப்படி ஒரு அப்டேட் இல்லை.

யாராவது தவறி அந்தக் கோப்பை நிறுவிவிட்டால் அவரைத் திட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைத்தால் இழப்பு கூடும். உடனே ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்குப் பேசிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்த வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். வந்த செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள், புகார் கொடுக்கும்போது அது வேண்டும்.