நகரத்துச் சோற்றுப் பெட்டியும் நமது மண்ணும்

போரினால் மட்டுமா மனிதர் வீடு இழக்கின்றனர்? குப்பையினாலும் இழக்கின்றனர். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பு நகரின் குப்பையைப் பல வருடங்களாகச் சுமந்து நின்ற மீதொட்டமுல்லை மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பியவர்கள், நம்மைப் போலவே, உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தனர்.

அதே வருடம் செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் லஞ்ச் சீற்றும் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டன. ஏன்?

ரெஜிபோம் என்பது கனிய எண்ணெயிலிருந்து செய்யப்படும் பொலிஸ்ரைரீன் பிளாஸ்டிக். அதனுள் வாயுவைச் செலுத்தி ஊதவைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி காற்றே. அதனால் மலிவு, சோறும் எளிதில் ஆறாது. ஆனால் இலேசாக இருப்பதால் பறந்து போய் வாய்க்காலை அடைக்கிறது. தேங்கிய நீரில் நுளம்பு பெருகுகிறது. கறியும் எண்ணெயும் ஊறிய பெட்டியைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவது செலவுக்குக் கட்டாது. அமெரிக்காவின் நியூயோர்க் நகரம் இதற்கு 2013இலேயே சட்டம் இயற்றியது. எதிர்த்தோர் வழக்காடியதால் 2019இல்தான் தடை நிலைத்தது.

நமது நிலத்திற்கு வந்தால் இது உக்காது; துகள் துகளாக உடைந்து மண்ணோடு கலக்கும். சோற்று மணத்திற்கு மாடு தின்றுவிடும். அடுப்பு மூட்ட எரித்தால் வரும் கரும்புகை பிள்ளைகளின் மூச்சைக் கெடுக்கும்.

பசித்த வேளையில் பெட்டிச் சோறு வாங்கி உண்டோம், அதில் வெட்கமில்லை. ஆயினும் இனி உணவு தருவோரிடம், "கிடாரத்தில் கொண்டு வாருங்கள், எங்கள் கோப்பைகளில் பரிமாறுவோம்" என்று நாமே கேட்கலாம். கிணற்றடியில் வழிந்தோடும் நீருக்கு இரண்டு வாழை நடலாம். தணலில் வாட்டிய இலை கிழியாது. குழம்புச் சோற்றையும் தாங்கும். உண்டபின் அது மாட்டுக்குத் தீனி, இல்லையேல் பசளை.

சட்டம் வந்தும் லஞ்ச் சீற் கடைகளிலிருந்து முற்றாக மறையவில்லை. வாங்குவோர் மாறாமல் விற்போர் மாறுவது கடினம்.

குழுவில் பேசுவோம்:
1. கடந்த வாரம் நம் வீட்டிற்கு எத்தனை ரெஜிபோம் பெட்டிகள், லஞ்ச் சீற்றுகள் வந்தன? அவை இப்போது எங்கே?
2. அடுத்த பொது விருந்தை இலையிலோ கோப்பையிலோ நடத்த யார் எதைப் பொறுப்பேற்கலாம்?
3. வாழையிலையைச் சந்தைக் கடைகளுக்கு ஒன்றுசேர்ந்து விற்க முடியுமா?