அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறகு: அன்றாட வாழ்வைக் கணக்கெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ் ஆண்டுகள் அறுபது. பிறந்த ஆண்டின் பெயர் அறுபது வருடம் கழித்துத்தான் மறுபடி வரும். 1965 ஏப்ரலில் பிறந்த விசுவாவசு ஆண்டு, 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது. அந்தச் சுற்று நிறைவதைத்தான் மணிவிழா என்றும் அறுபதாம் கல்யாணம் என்றும் கொண்டாடுகிறோம். சிலர் திருக்கடையூருக்குப் போகிறார்கள். சிலர் உள்ளூர்க் கோயிலில் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓய்வு வயதும் அறுபதுதான் என்பதால், மாலையும் பணி ஓய்வும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்கின்றன. சொந்தபந்தம் ஊருக்குக் கிளம்பிய மறுவாரம், காலை பத்து மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் சேலம் மாவட்டத்து ஆத்தூரில் நிறையப் பேர். அவர்களுக்காக இது.

படி 1: ஒரு சாதாரண வாரத்தை எழுதுங்கள்

ஆசைப் பட்டியலில் தொடங்க வேண்டாம். நோம்பியோ விசேஷமோ இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்து, நடந்ததை நடந்தபடி ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுந்த நேரம், பால் வாங்கப் போனது, டீக்கடையில் உட்கார்ந்தது, போன் பார்த்தது, யாரோடு பேசியது எல்லாம் வரட்டும். குச்சிக்கிழங்குக் காடும் பாக்குத் தோப்பும் வைத்திருப்பவர்களுக்கு ஓய்வு வயது கிடையாது, அவர்களும் எழுதலாம். ஆளை வைத்துச் செய்யக்கூடிய எந்த வேலையைப் பழக்கத்தால் தாமே இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கிறோம் என்பது அதில் தெரிந்துவிடும்.

வார முடிவில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறியுங்கள்: விரும்பிச் செய்தது, கடமைக்குச் செய்தது, சும்மா போனது. சும்மா போனதெல்லாம் வீண் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதும் ஓய்வுதான். களைப்பும் ஆறாமல், மனசும் நிறையாமல் கழிந்த மணி நேரங்களை மட்டும் வட்டமிடுங்கள். புதிய பழக்கத்துக்கான இடம் அங்கேதான் இருக்கிறது.

படி 2: இரண்டு பேருக்கும் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் முக்கியமான படி இதுதான். மணையில் உட்காருவது இரண்டு பேர். ஓய்வு கிடைப்பது பெரும்பாலும் ஒருவருக்கு. வீட்டுக்காரர் அலுவலகம் போய்க்கொண்டிருந்தவரை அம்மாவுக்குப் பகலில் இரண்டு மணி நேரமாவது தனியாகக் கிடைத்தது. அவர் வீட்டிலேயே இருக்கத் தொடங்கியதும் பதினொரு மணிக்கு ஒரு காபி, நாலு மணிக்கு ஒரு பலகாரம் என்று அம்மாவின் வேலை கூடிவிடுகிறது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுகிறது.

ஆகவே நோட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மனைவியின் பகுதியை அவரே எழுதட்டும், அல்லது அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ‘விரும்பிச் செய்தது’ அவர் பக்கத்தில் காலியாக இருந்தால், உங்கள் புதிய பொழுதுபோக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு வேளைச் சமையலையோ, பேரனைப் பள்ளியில் விட்டு அழைத்துவருவதையோ நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். 2021 மே முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே அவர் வெளியே போய்வரக் காசு தடையில்லை. தடையாக இருப்பது நேரம். அதை வீட்டில் இருக்கும் நாம்தான் கொடுக்க முடியும்.

துணையை இழந்தவர்கள், தனியாக வாழ்கிறவர்கள் அந்த இரண்டாம் பகுதியில் வாரத்தில் யாரையெல்லாம் நேரில் பார்த்துப் பேசினோம் என்று எழுதலாம்.

படி 3: உடம்பின் கணக்கு

இதில் சுருக்கமாகச் சொன்னாலே போதும். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65 தாண்டியவர்கள் தடுமாறி விழாமலிருக்க, வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சியும் செய்ய வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எவ்வளவு என்று தெரியாமல் மலையேறக் கிளம்பாதீர்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இவற்றைப் பார்க்கிறார்கள்.

படி 4: பழைய ஆசைகளைப் பிரித்துவையுங்கள்

பரணில் இருக்கும் ஆர்மோனியம், பாதியில் நின்ற தையல், வாங்கிப் படிக்காத புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வையுங்கள். ஒரு மாதத்துக்குள் கையில் எடுக்காததை, அதைப் பயன்படுத்தக்கூடிய பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். இருபது வயதில் ஆசைப்பட்டோம் என்பதற்காக அறுபதில் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

படி 5: புதிதாக ஒன்று, ஒன்றே ஒன்று

நம் ஊரைச் சுற்றி இதற்குப் பஞ்சமில்லை.

நடக்கவும் பார்க்கவும் பிடித்தவர்களுக்கு வசிஷ்ட நதிக் கரையே போதும். பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர், ஆறகழூர், கூகையூர் என்று ஆற்றோரமாக ஐந்து ஊர்களில் உள்ள சிவன் கோயில்களை நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்ற பஞ்சபூதத் தலங்களாக வழிபடுகிறார்கள். மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். ஆறகழூர் போகும்போது பக்கத்தில் தியாகனூர் புத்தர் சிலைகளை விட்டுவிடாதீர்கள். நம் ஊரிலேயே கெட்டி முதலிகள் கட்டிய கோட்டை இருக்கிறது; அதைக் கடந்து தினமும் போகிறவர்களில் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் குறைவு.

கண்ணுக்கு வேலை வேண்டுமென்றால் பறவை பார்க்கலாம். செலவே இல்லாதது என்பதால் எனக்கு இதில் தனிப் பிரியம் உண்டு. ஏரிக்கரையில் கால்மணி நேரம் நின்று கொக்கு, முக்குளிப்பான், மீன்கொத்தி என்று கண்டதை எழுதினால் போதும். ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நீங்கள் எடுத்த பட்டியலை ‘இ-பேர்ட்’ செயலி வழியாக அதில் சேர்க்கலாம்.

மண்ணில் கை வைக்க விரும்புகிறவர்கள் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலும், சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் போய்க் கேட்கலாம். மொட்டைமாடியில் நாலு தொட்டி வைப்பதற்குக்கூடத் தெரிந்தவரிடம் கேட்டுத் தொடங்குவது நல்லது.

எழுத்தில் நாட்டம் உள்ளவர்கள் சொற்களைச் சேகரியுங்கள். கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டாரச் சொல்லகராதி அவருடைய அறுபது வயதை ஒட்டி, 1982இல் வந்தது. பட்டம் எதுவும் இல்லாத அவர், அறுபதைத் தாண்டித்தான் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கொங்குச் சொற்களுக்குப் பெருமாள்முருகன் அகராதி தொகுத்தார். கொங்கும் நடுநாடும் சந்திக்கிற ஆத்தூர்ப் பேச்சிலும் சேகரிக்க நிறைய இருக்கிறது. உங்கள் வீட்டுப் பாட்டி சொன்ன சொற்களை நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாருக்கும் அவை தெரியப்போவதில்லை.

படி 6: காசும் நாளும்

முதல் மூன்று மாதம் பொருள் எதுவும் வாங்காதீர்கள். கேமரா, தொலைநோக்கி, தையல் மிஷின் எதுவானாலும் இரவல் வாங்கிப் பழகுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு வாரத்தை எழுதி, பழைய பக்கத்தோடு ஒப்பிடுங்கள். வட்டமிட்ட நேரம் இருவருக்கும் குறைந்திருந்தால் தொடருங்கள். ஒருவருக்கு மட்டும் குறைந்திருந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

வாரத்தில் ஒரு நாளாவது, உங்கள் தெருவில் தனியாக இருக்கிற பெரியவர் ஒருவரையும் ஆற்றங்கரைக்கோ ஏரிக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். அவரை முதலில் கூப்பிட யாராவது ஒருவர் வேண்டும்.