மெழுக்கமும் வினைல் விரிப்பும்

தரையை மெழுகுதல் தமிழர்க்குப் பழைய வழக்கு. 'மெழுக்கம்' என்னுஞ் சொல் பட்டினப்பாலையிலேயே வந்துள்ளது. எம் தீவக வீடுகளிலும் சாணமிட்டு மெழுகிய மண்தரையே நெடுங்காலம் இருந்தது. பின்னர்ச் சீமெந்து வந்தது. இப்பொழுது வினைல் விரிப்பு வருகின்றது. இவற்றின் வேறுபாடு அழகில் மட்டுமன்று, மூச்சிலும் உண்டென்பதை யான் பட்டே அறிந்தேன்.

மிதித்தாற் சிறிது அமுங்கி மீள்வதே மீள்தன்மைத் தரை. இவ்வினத்துட் பழையவற்றுள் ஒன்று லினோலியம். 1860களில் இங்கிலாந்தினரான பிரெடறிக் வால்ற்றன் என்பார் ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் இறுகச்செய்து, தக்கைத்தூள் கலந்து, துணிமேற் பரப்பி அதனை ஆக்கினார். இலத்தீனில் 'லீனும்' ஆளி, 'ஓலியும்' எண்ணெய். பெயரிலேயே செய்முறை அடங்கியுள்ளது. வினைல் இதற்கு இளையது; 1926இல் வால்டோ செமன் என்னும் அமெரிக்கர் கடினமான பி.வி.சி.யை நெகிழச்செய்த பின்னரே தோன்றியது.

சாட்டியிலுள்ள எம் இல்லத்தில், முழங்கால் நோவுற்ற அன்னையார்க்குக் குளிர்ந்த சீமெந்துத் தரை ஆகாதென எண்ணி, ஆவணியிற் பசையிட்டு வினைல் ஒட்டுவித்தேன். ஆவணியில் எத்தரையும் உலர்ந்தே தோன்றும். கார்த்திகை மாரியிற் கிணறு நிரம்பியதும் விரிப்பு ஆங்காங்கே கொப்புளித்தது. ஒரு கொப்புளத்திற் கால் தட்டி அன்னையார் வீழ்ந்தார். மணிக்கட்டு முறிந்தது.

சாட்டி மணற்பாங்கான ஊர். நன்னீர்க் கிணறுகளாற் பெயர்பெற்றது. அந்நீர் மிக ஆழத்திலன்று, காலடியிலேயே உள்ளது. மாரியில் நீர்மட்டம் உயர, ஈரம் சீமெந்தின் நுண்துளைகள் வழியே மேலேறும். மெழுகிய தரையும் வெறுஞ் சீமெந்தும் அதனை ஆவியாக வெளிவிடும். வினைலோ விடாது. அடைபட்ட ஈரம் சீமெந்தின் காரத்தைக் கரைத்துவந்து பசையை நெகிழ்விக்கும். வினைல் பழுதுறாது, ஒட்டே விட்டுப்போகும். லினோலியமாயின் தானும் கெடும்.

ஆகவே, நிறத்தையும் பூவேலையையும் பார்க்குமுன் தரையைப் பார்க்க. ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் தாளைத் தரையிற் பரப்பி, நான்கு விளிம்பையும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டி, 16 மணி நேரம் விடுக. அடியில் நீர்த்துளி அரும்பினாலோ சீமெந்து கறுத்தாலோ வினைல் வேண்டாம். இச்சோதனையை மாரியிற் செய்தலே பயன்தரும். தரையைக் கிளறிப் பொலித்தீன் படலமிட்டு மேலே கொங்கிறீற் இடுதல் பரிகாரமாம், செலவோ அஞ்சத்தக்கது. மேல்மாடியார்க்கு இவ்விடர் இல்லை.

உலர்ந்த தரையுடையோர் மேற்படலத்தின் தடிப்பை வினவுக. கடையிற் பெரும்பாலும் மொத்தத் தடிப்பையே சொல்வர். தேய்வைத் தாங்குவது மேலுள்ள தெளிந்த படலமே. வீட்டுக்கு 0.3 மில்லிமீற்றரும், சனநடமாட்டமுள்ள கடைக்கு 0.5 மில்லிமீற்றரும் பொதுவாக ஏற்றவை. காலிற் படிந்துவரும் கடற்கரை மணல் அரம்போல் அராவும். வாயிலிற் கால்மிதி வேண்டும். ஆயின் றப்பர் அடியுள்ள மிதியை வினைல்மேல் இடற்க. மஞ்சட்கறை பற்றினால் நீங்காது.

அன்னையாரது அறை வினைலை உரித்துவிட்டேன். பசையைச் சுரண்ட மூன்று நாள் சென்றது. கட்டிலிலிருந்து அதனைப் பார்த்திருந்த அவர், "ஒரு சோடி றப்பர்ச் செருப்பு வாங்கித் தந்திருந்தாற் போதுமே, தம்பி" என்றார்.