இணையவழிப் பாடங்களால் பிரயோஜனம் உண்டா?

கேள்வி: சர்வகலாசாலைப் படிப்பில் கணினியும் இணையமும் புகுந்ததால் மெய்யாகவே பயன் உண்டா? ஆசிரியர் முன் அமர்ந்து கற்பதற்கு அவை ஈடாகுமா?
(ஒரு பெற்றோர், சிவகாசி)

பதில்: ஈடாகா, ஆயினும் பயன் மிக உண்டு. 2003-ஆம் ஆண்டில் ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கூடித் தொடங்கிய, என்.பி.டெல் என்னும் இணையவழிப் பாடத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடினமான நுழைவுத் தேர்வில் தேறிய சிலருக்கு மாத்திரம் வாய்த்த பேராசிரியர்களின் விரிவுரைகள், அத்துறையில் வல்ல ஆசிரியர் கிடைக்காத சிற்றூர்க் கல்லூரி மாணவிக்கும் இன்று கட்டணமின்றிக் கிட்டுகின்றன என்பது, கல்வியைப் பொதுச்சொத்தாகக் கருதுவோர் யாவரும் உள்ளம் பூரிக்கத்தக்க விஷயம். வகுப்பில் எழுந்து ஐயம் கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை (அத்தகையோரே நம்மிடையே அதிகம்), பதிவு செய்த பாடத்தை இடையில் நிறுத்தி, ஒரு சமன்பாட்டின் இரண்டாம் வரியிலிருந்து மூன்றாம் வரி எவ்வாறு பிறந்தது என்பது விளங்கும்வரையில் எத்தனை தரமும் திரும்பக் கேட்கலாம். இந்தச் சௌகரியம் ஒன்றுக்காகவே இத்திட்டத்தை நான் போற்றுவேன். சில பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் வெளிவந்திருக்கிறது. சான்றிதழ் வேண்டுவோர் சிறு கட்டணம் செலுத்தி, பரீட்சையை மையத்துக்கு நேரில் சென்றே எழுத வேண்டும். அந்தக் கண்டிப்பும் உசிதமானதே.

ஆய்வுக்கூடத்தில் கை பழகுவதைத் திரை கற்பிக்காது. ஆனால், விரிவுரையை முன்னதாக வீட்டில் கேட்டுவரச் சொல்லிவிட்டு, வகுப்பு நேரம் முழுவதையும் கணக்குகளைச் செய்து பார்ப்பதிலும் சந்தேகங்களைத் தீர்ப்பதிலும் செலவிடும் ஆசிரியர் தங்கள் புதல்வருக்கு அமைந்தால், இரு முறைகளின் நன்மையும் அவருக்கு ஒருங்கே கிட்டும்.