பேப்பர் போடுவதற்கு முன்

நாகர்கோவிலில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கும் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "பேப்பர் போட்டாச்சா?" ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 நவம்பரில் எடுத்துவிட்டது. ஆனால் வேலைக்கான நேர்காணலில் கட்டுரைப் பட்டியலைப் புரட்டத்தான் செய்வார்கள். அதனால் அவசரம் குறையவில்லை. அந்த அவசரத்தைக் காசாக்கத்தான் "மூன்றே நாளில் பிரசுரம், சான்றிதழ் உண்டு" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது.

மூன்று நாளில் யார் படிப்பார்கள்? ஒழுங்கான ஆய்விதழில் ஆசிரியர் முதலில் பார்ப்பார். பிறகு, பெரும்பாலும் எழுதியவர் பெயரை மறைத்து, துறை தெரிந்த இருவருக்கு அனுப்புவார். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். "ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே" என்பார்கள். வண்டிக்கு நம்பர் பிளேட் இருந்தால் பிரேக் பிடிக்குமா என்ன?

2013-இல் பத்திரிகையாளர் ஜான் பொகானன் 'சயன்ஸ்' இதழுக்காக ஒரு வேலை செய்தார். வேண்டுமென்றே பிழைகள் நிரப்பிய பொய்க் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. நம் யுஜிசியும் தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களைத் தூக்கியது. அடுத்து வந்த 'கேர்' பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. இனி இதழைத் தேர்ந்தெடுக்கும் பாரம் உங்களுக்கும் உங்கள் நெறியாளருக்கும்தான். எளிய சோதனை ஒன்று: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருளில் அந்த இதழ் வெளியிட்ட இரண்டு பழைய கட்டுரைகளைப் படியுங்கள். இன்னொன்று: ஆசிரியர் குழுவில் பெயருள்ள ஒருவருக்கு மின்னஞ்சல் போட்டு, அவர் உண்மையிலேயே குழுவில் இருக்கிறாரா என்று கேளுங்கள். சிலருக்குத் தம் பெயர் அங்கே இருப்பதே தெரியாது.

அடுத்தது எழுத்துத் திருட்டு. யுஜிசியின் 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் ஆய்வேட்டுக்குத் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. அதற்கும் மேலே என்றால் பதிவே ரத்து. ஸ்காலர்கள் இந்தப் பத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். மென்பொருள் சொல்லை எண்ணும். யாருடைய சொல் என்று அதற்குத் தெரியாது. தமிழில் இன்னும் மோசம். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கட்டுரை அதன் கண்ணுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அங்கிருந்து பக்கம் பக்கமாக எடுத்தாலும் 'பூஜ்யம்' என்று அறிக்கை வரும்.

எங்கள் பக்கத்தில் நடக்கும் பெரிய திருட்டு அடிக்குறிப்பில் இருக்கிறது. திருவிதாங்கூரில் பெண்களின் மேலாடை உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பற்றிய கட்டுரையா, நாகம் அய்யாவின் 1906-ஆம் ஆண்டு 'திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல்' பெயர் கட்டாயம் இருக்கும். அந்த மூன்று தொகுதிகளையும் கையில் எடுத்தவர் எத்தனை பேர்? வேறொருவர் நூலிலிருந்து மேற்கோளையும் அடிக்குறிப்பையும் சேர்த்தே அள்ளிக்கொள்கிறார்கள். முதலாமவர் பக்க எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால், அந்தத் தப்பும் வாரிசுரிமையாக வந்து சேரும். மதிப்பீட்டாளர் மூல நூலைத் திறந்த நிமிடமே குட்டு வெளிப்படும். மூலத்தைப் பார்க்கவில்லையா, "இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது" என்று ஒரு வரி எழுதுங்கள். குறைச்சல் ஒன்றுமில்லை. பார்க்க வேண்டுமா, 1956 நவம்பர் 1 வரை எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடும் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், பழைய கோப்புகளுக்குத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகம்தான் கதி. நாகர்கோவில் வடசேரியிலிருந்து பஸ் இருக்கிறது.

கள ஆய்விலும் இதே கதை. சுடலைமாடன் கோவில் கொடை விழாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வில்லுப்பாட்டைப் பதிவு செய்தவர் ஒருவர். அச்சில் பெயர் வேறொருவருக்கு. பாடிய புலவர் பெயரோ எங்கேயும் கிடையாது. இதைப் பிடிக்க எந்த மென்பொருளும் இல்லை. பதிவு செய்த நாள், ஊர், பாடியவர், பதிவு செய்தவர் நான்கையும் நோட்டில் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

கட்டுரை திருத்தத்துக்குத் திரும்பி வந்தால் முகம் சுளிக்காதீர்கள்; மெனக்கெட்டு ஒருவர் படித்திருக்கிறார். ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். ஏற்காத இடத்தில் ஏன் என்று சான்றோடு சொல்லுங்கள். நாளை உங்களிடமே ஒரு கட்டுரை மதிப்பீட்டுக்கு வரும். அதை நண்பருக்குக் காட்டாதீர்கள், சாட்ஜிபிடியிலும் போடாதீர்கள்; அச்சாகும்வரை அது எழுதியவருடைய சொத்து.