நாளும் கால்மணி நேரம்: பழம்பெரும் நூல்களும் பரந்த கல்வியும்

பரந்த பொதுக்கல்வி கல்லூரிக்குள் மட்டுமே கிட்டுவதன்று எனக் கூறியவர் ஒரு பல்கலைக்கழகத் தலைவரே என்பது வியப்பிற்குரியது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை 1869 முதல் 1909 வரை நடத்திய சார்லஸ் எலியட், ஐந்தடி நீளத் தட்டில் அடங்கும் நூல்களை நாள்தோறும் பதினைந்து நிமிடம் ஊன்றிப் படித்தாலே அக்கல்வியைப் பெரும்பாலும் பெறலாம் என்றார். அந்நூல்கள் 1909, 1910 ஆம் ஆண்டுகளில் 50 தொகுதிகளாக வெளிவந்தன. இன்ன தேதிக்கு இன்ன பகுதி என்று காட்டும் வழிகாட்டி நூலும் உண்டு. பகவத் கீதைக்கு அதில் இடம் கிடைத்தது. தமிழ் நூல் ஒன்றுக்கேனும் இல்லை.

அதன் இரண்டாம் தொகுதியில் சாக்ரடீசைப் பற்றிப் பிளேட்டோ எழுதியனவும் மார்க்கஸ் அரேலியசின் சிந்தனைகளும் உள்ளன. இவ்விருவரையும் தமிழில் எழுதித் தந்தவர், நம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி. வழக்கறிஞர் தொழில், சிறைவாசம், ஆட்சிப் பொறுப்பு என்று ஓய்வறியா வாழ்வினூடே அவர் பழம்பெரும் நூல்களைப் படித்தார், பிறர்க்கும் எடுத்துரைத்தார். அவருடைய ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. எனினும் 1880களில் அவர் ஓசூரில் சிறுவனாய் இருந்தபோது புறநானூறு ஏட்டுச்சுவடியில்தான் இருந்தது. உ. வே. சாமிநாதையர் அதனை அச்சேற்றியது 1894இல்.

நமக்கோ நூலகத்தில் கைநீட்டினால் கிடைக்கும். நேரம்தான் இல்லை என்கிறோம். கணக்கிட்டுப் பார்ப்போம். திருக்குறள் நாளுக்கோர் அதிகாரமாக 133 நாள்; நாலடியாரின் 40 அதிகாரங்கள் 40 நாள்; சிலப்பதிகாரத்தின் 30 காதைகள் 30 நாள். புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் கிடைத்தில. எஞ்சிய 398ஐ நாளுக்கு மூன்றாகப் படித்தால் 133 நாள். ஆக 336 நாள். மிச்சமுள்ள 29 நாளில் சாக்ரடீசைப் படிக்கலாம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் நண்பர்கள் நம்மிடையே பலர். அவர்கள் வேமனரையும் சர்வக்ஞரையும் எடுத்துக்கொண்டு மற்றவர்க்கும் சொல்லலாமே!

ஒன்றில் மட்டும் எலியட்டின் வழிகாட்டியோடு நான் உடன்படேன். தேதிக்குத் தேதி வேறொரு நூலில் ஒரு துண்டைக் கொறிப்பது படிப்பாகாது. சிலம்பைத் தொடர்ந்து ஒரே மாதத்தில் முடிக்க வேண்டும்; நீண்ட காதைகட்குக் கால்மணி போதாது, அரைமணி ஆகும். குறளுக்குப் பரிமேலழகர் உரை இப்போது வேண்டா, மு. வரதராசனாரின் தெளிவுரை பேருந்திலும் படிக்க ஏற்றது.

“சிப்காட்டில் வேலைக்குப் போகிறவனுக்குப் புறநானூறு எதற்கு?” என்று கேட்போர் உளர். அவர்கள் 95 ஆம் பாட்டைப் படிக்கட்டும். தகடூர் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலங்களைக் காட்டுகிறான். அவை மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பளபளக்கின்றன. அதியமானுடையனவோ பகைவரைக் குத்தி முனை முரிந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடப்பன என்கிறார் ஔவையார். இதனை இலக்கணத்தார் வஞ்சப்புகழ்ச்சி என்பர். லேத் பட்டறையில் ஓய்வு நேரத்தில் வேலை பார்க்கும் நம் மாணவருக்கோ விளக்கமே வேண்டா. வேலை செய்யும் உளி தேயும், அடிக்கடி சாணைக்கு வரும்; தேயாத உளி பெட்டியில் கிடந்த உளி என்பதை அவர் கை அறியும். அதே வேளையில், அரசன் ஒருவன் அவையிலேயே நின்று அவன் படைவலியை அஞ்சாமல், நாகரிகம் குன்றாமல் எள்ளிய ஒரு பெண்ணின் சொல்லாற்றலையும் அவர் சந்திக்கிறார். தொழிற்பயிற்சியில் இந்த இரண்டாவது பாடம் இல்லை.

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்ததும் அதிலிருந்தே. அந்த அதியமான் இறந்தபின் அவன் நடுகல்லை நோக்கி ஔவையார் பாடியது 232 ஆம் பாட்டு. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வைக்கப்பட்டுள்ளன. காலத்தால் பிற்பட்டவையாயினும், அப்பாட்டைப் படித்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம்.