நோயாளர் ஈந்த செல்வம்

தஞ்சையிலிருந்து வடக்கு நோக்கித் திருவையாற்றுக்குச் செல்பவர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்னும் நான்கு ஆறுகளைக் கடந்த பின்னரே ஐந்தாவதாகிய காவிரியைக் காண்பர். அவ்வழியின் இருமருங்கும் நெல் வயல்கள். அவ்வயல்களில் ஒரு வழக்கத்தைக் காணலாம். மேல் வயலில் பாய்ந்த நீர் அங்கேயே தேங்கி வீணாவதில்லை. அது வடிந்து கீழ் வயலுக்குப் பாய்கிறது. அங்கிருந்து அதற்கும் கீழுள்ள வயலை அடைகிறது. ஒரு முறை விட்ட நீர் பல முறை பயன்படுகின்றது.

மருத்துவ ஆய்வில் திரட்டிய குறிப்புகளும் இத்தகையனவே. ஒரு மருந்தின் பயனை அறிவதற்காகச் சில நூறு நோயாளிகளின் உடல்நிலையை மாதந்தோறும் எழுதி வைக்கின்றனர். முதலில் எழுந்த வினாவுக்கு விடை கிடைத்துவிடுகிறது. ஆயினும் அக்குறிப்புகளின் பயன் அத்துடன் தீர்ந்துவிடுவதில்லை. வேறொருவர் வேறொரு வினாவுடன் வந்தால், அவருக்கும் அவை விடை கூறும். நீரோ பாயப் பாயக் குறையும். இக்குறிப்புகள் எத்தனை பேர் எடுத்தாலும் குறைவதில்லை.

தஞ்சை மண்ணுக்கு இவ்வுண்மை புதிதன்று. 1798 முதல் 1832 வரை தஞ்சை மன்னராய் இருந்த இரண்டாம் சரபோசி, தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தைப் பேணி வளர்த்தார். நம் நாட்டு மருத்துவ முறைகளும் மேனாட்டு மருத்துவமும் அங்கு ஒருங்கே கையாளப்பட்டன. கண்நோயாளிகள் சிலரின் நோய்க் குறிப்புகளும், அவர்தம் கண்களின் வண்ண ஓவியங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் இருந்தன. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான காலம் சென்ற பின்னர், கண் மருத்துவ அறிஞர்கள் அவற்றைப் படித்து, அந்நாளைய மருத்துவத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினர். அவை இன்றைய பொருளில் மருந்துச் சோதனைகள் அல்ல. எனினும் எழுதி வைத்த குறிப்பு எழுதியவர் எண்ணாத பயனையும் தரும் என்பதற்கு அவை சான்றாகும்.

இன்றைய பொருளில் அமைந்த சோதனைக்கு உலகம் போற்றும் எடுத்துக்காட்டு ஒன்று தமிழகத் தலைநகரில் நிகழ்ந்தது. 1956ஆம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலகச் சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதில் கைகோத்தன. அக்காலத்தில் காசநோய் கண்டவரைச் சானடோரியம் எனப்படும் தனி மருத்துவ இல்லத்தில் பல மாதங்கள் வைத்து, முழு ஓய்வும் நல்லுணவும் தருவதே சிறந்த முறை எனக் கருதினர். ஆனால் நோயாளிகளோ பல இலட்சம்; படுக்கைகளோ மிகக் குறைவு. வீட்டிலேயே மருந்து கொடுத்தால் நோய் தீருமா? வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு நோய் பரவாதா? இவையே அன்று எழுந்த வினாக்கள்.

சென்னை நகரின் ஏழை மக்களுள் காசநோய் கண்ட இருநூறுக்குச் சற்றுக் குறைந்தவர்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். உத்தரமேரூரில் குடவோலை போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்த நாட்டில் இம்முறையின் நேர்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓராண்டு இருந்தனர். மறு பிரிவினர் நெருக்கமான தம் குடியிருப்புகளிலேயே இருந்து, அதே மருந்துகளை அதே காலம் உண்டனர். சளியைச் சோதித்தனர், எக்ஸ்ரே படம் எடுத்தனர், எடையைக் குறித்தனர். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் மருந்துண்டோரும் சானடோரியத்தில் இருந்தோருக்கு ஏறக்குறைய ஈடாகவே நலம் பெற்றிருந்தனர். அம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. அதே நோயாளிகளின் குறிப்புகளிலிருந்து வேறு வினாக்களுக்கும் விடை தேடினர். நோயாளியுடன் வாழ்ந்த குடும்பத்தாரின் நிலை 1960இல் ஆராயப்பட்டது. வீட்டில் மருத்துவம் பெற்றோரின் உறவினருக்கு அதனால் மிகுதியான தீங்கு நேரவில்லை எனத் தெரிந்தது. உணவின் பங்கு 1961இல் ஆராயப்பட்டது. வீட்டில் இருந்தோர் எளிய உணவையே உண்டனர். ஆயினும் மருந்தை முறையாக உண்டதனால் குணமடைந்தனர். ஐந்தாண்டு கழிந்த பின் அவர்கள் எவ்வாறு இருந்தனர் என்பதும் 1966இல் வெளியாயிற்று. மாதந்தோறும் சளியைக் கொடுத்த ஓர் ஏழைத் தொழிலாளி இத்தனை வினாக்களுக்கு விடையளித்தார். அந்நிலையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்குகிறது.

ஓரிடத்துக் குறிப்புகளே இத்துணைப் பயன் தருமாயின், பல நாட்டுக் குறிப்புகள் ஒன்று சேர்ந்தால் என்னாகும்? காசநோய்க்கு இந்நாளில் ஆறு மாதம் மருந்து உண்பது பெருவழக்கு. அதனை நான்கு மாதமாகக் குறைக்கலாமா என்று மூன்று பெருஞ்சோதனைகள் நடந்தன. அவற்றுள் ஒன்றில் இந்திய நோயாளிகளும் பங்குகொண்டனர். 2014இல் முடிவுகள் வெளிவந்தபோது, மூன்றிலும் நான்கு மாத மருத்துவம் ஆறு மாத மருத்துவத்துக்கு ஈடாகவில்லை. தோல்வி என்று கட்டி வைத்திருந்தால் அக்குறிப்புகள் கரையானுக்கே இரையாகியிருக்கும். அவ்வாறு செய்யாமல், சோதனை நடத்தியோர் தத்தம் குறிப்புகளைப் பொதுவில் வைத்தனர். 3,400க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, 2018இல் ஒரு புதிய உண்மை புலப்பட்டது. நோய் கடுமையாக இல்லாதவர்களுக்கு, அதாவது ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, நான்கு மாத மருந்தே போதுமானதாய் இருந்தது; நுரையீரலில் குழி விழுந்து, சளியில் கிருமியும் மிகுந்திருந்தோருக்கு ஆறு மாதமும் போதாது என்று தோன்றிற்று. இவ்வுண்மையைத் தனித்தனியே நின்ற எச்சோதனையும் தெளிவாகக் காட்டவில்லை.

இவ்வளவு நன்மை உண்டெனில், எல்லாக் குறிப்புகளையும் யாவரும் காணுமாறு திறந்து வைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் இடர் இருக்கிறது.

ஒரு பதிவில் நோயாளியின் பெயரை அடித்துவிட்டார்கள் என்று கொள்வோம். மிஞ்சியிருப்பது இவ்வளவே: ஆண், வயது 52, ஊர் திருவையாறு, தொழில் நாகசுரம் வாசித்தல், நோய் காசம், மருந்து தொடங்கியது தை மாதம். சென்னையில் இருந்து இதைப் படிப்பவருக்கு இவர் யாரென்று தெரியாது. திருவையாற்றுக் கடைத்தெருவில் இருப்பவருக்கோ பெயரே தேவையில்லை. ஆராதனை விழாவில் அவ்வாண்டு அவர் ஏன் வாசிக்கவில்லை என்பதும் உடனே விளங்கிவிடும். அவர் மகளைப் பெண் கேட்டு வந்தவர் திரும்பிப் போகலாம். கச்சேரிக்கு அழைப்பவர் தயங்கலாம். நோய் தீர்ந்து பல்லாண்டு ஆன பின்னும் அப்பழி தீராது.

இது வெறும் கற்பனையச்சம் அன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியரின் மருத்துவப் பதிவுகள், பெயர் நீக்கப்பட்டு, ஆராய்ச்சிக்காகத் தரப்பட்டன. லத்தான்யா சுவீனி என்னும் ஆராய்ச்சி மாணவி, விலைக்குக் கிடைத்த வாக்காளர் பட்டியலை அவற்றோடு ஒப்பிட்டார். பிறந்த நாள், பால், அஞ்சற் குறியெண் ஆகிய மூன்றையும் கொண்டே அம்மாநில ஆளுநரின் பதிவு எது என்று கண்டுபிடித்துவிட்டார். 1997ஆம் ஆண்டளவில் வெளிப்பட்ட இச்செய்தி, பெயரை நீக்கினால் போதும் என்னும் எண்ணத்தைத் தகர்த்தது.

ஆதலின் இன்று குறிப்புகளைப் பிறருக்கு வழங்குமுன் பலவாறு பக்குவப்படுத்துகின்றனர். வயதை 52 என்னாமல் 50 முதல் 59 வரை என்பர். ஊரை நீக்கி மாவட்டத்தை மட்டும் வைப்பர். நாகசுரம் என்பதைக் கலைத்தொழில் என்றோ, பிற தொழில் என்றோ பொதுமைப்படுத்துவர். நாள்களை நீக்கி, மருந்து தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொண்டு எண்ணுவர். ஆனால் மறைப்பதிலும் ஓர் அளவு வேண்டும். காற்றுக் கருவி வாசிப்போரின் நுரையீரல் எவ்வாறு குணமடைகிறது என்று ஒருவர் ஆராய விரும்பினால், தொழிலை மறைத்த பதிவு அவருக்கு உதவாது. முற்றும் மறைத்தால் பயன் கெடும். முற்றும் திறந்தால் மானம் கெடும். எவ்விடத்தில் எதை மறைப்பது என்பதை இயந்திரம்போல் ஒரே விதியால் முடிவு செய்ய இயலாது.

இதனால்தான் மதகு வேண்டியிருக்கிறது. நுட்பமான குறிப்புகளைப் பெற விரும்புவோர், தம் வினா இன்னது, ஆராயும் முறை இன்னது என்று முன்கூட்டியே எழுதித் தருதல் வேண்டும். குழுவொன்று அதனைப் பார்த்து இசைவளிக்கும். நோயாளி யாரென்று கண்டறிய முயல்வதில்லை, பிறர் கையில் தருவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடல் வேண்டும். சிலவிடங்களில் குறிப்புகளை வெளியே எடுத்துச் செல்லவும் விடுவதில்லை. காவலுள்ள கணினியிலேயே ஆராய்ந்து முடிவை மட்டும் எடுத்துச் செல்லலாம். வினாவை முன்பே எழுதச் சொல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பெருங்குவியலில் நோக்கமின்றித் துழாவுபவருக்குத் தற்செயலான ஒற்றுமைகளும் பேருண்மைகளாகத் தோன்றிவிடும்.

குறிப்புகளைத் தருபவருக்கும் கடமை உண்டு. பழைய கிராம அடங்கலில் கணக்குப்பிள்ளை இட்ட சுருக்கக் குறிகள் அவருக்கே விளங்கும். அவர் போன பின் பிறர் திகைப்பர். சோதனைப் பதிவிலும் சளி என்னும் கட்டத்தில் 2 என்று எழுதியிருந்தால், அது கிருமியின் அளவா, இரண்டாம் மாதமா என்று விளக்கித் தனியே எழுதி வைத்தல் வேண்டும். இவ்வேலைக்குப் புகழில்லை, பொருட்செலவும் உண்டு. ஆகவே பலர் இதனைச் செய்யாமல் விட்டுவிடுகின்றனர். உழைத்துத் திரட்டியவரின் பெயரைப் பின்னால் வருபவர் குறிப்பிடுவது இவ்வுழைப்புக்குச் செய்யும் சிறு கைம்மாறாகும்.

நம் நாட்டில் மருந்துச் சோதனைகளுக்கான பொதுப் பதிவேடு 2007இல் தொடங்கப்பெற்றது. 2009 முதல் சோதனை தொடங்குமுன் அதில் பதிதல் கட்டாயமாயிற்று. இதனால் தோல்வியுற்ற சோதனையும் நடந்ததென்ற செய்தி மறைவதில்லை. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்குச் சில விலக்குகள் அளிக்கிறது. ஆனால் அவ்வாறு பெற்ற குறிப்பைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எம்முடிவும் எடுத்தலாகாது என வரம்பிடுகிறது.

இவற்றுக்கெல்லாம் முற்பட்டது நோயாளியின் இசைவு. இந்நாளில் சோதனையில் சேருமுன், தம் குறிப்புகள் பெயரின்றிப் பிற்கால ஆராய்ச்சிக்கும் பயன்படலாமா என்று அவரையே கேட்கலாம். அவர் மொழியில், அவருக்குப் புரியுமாறு கேட்கவேண்டும். பழங்காலச் சோதனைகளில் இவ்வாறு கேட்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அந்நோயாளிகளுள் பலர் இன்று உயிருடன் இலர். அவர்கள் சார்பில் நெறிமுறைக் குழு முடிவு செய்கிறது. அக்குழுவில் மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவரும், பொதுமக்களுள் ஒருவரும் இருத்தல் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறி. அப்பொதுமக்களுள் ஒருவர் மருத்துவம் கற்றிருக்க வேண்டுவதில்லை. இப்பதிவுக்கு உரியவர் தம் தெருவில் வாழ்பவராயின் அவரை இதிலிருந்து அடையாளம் காண முடியுமா என்று அவர் கேட்டால், ஆய்வாளர் அதற்கு விடை கூறிய பின்னரே மேற்செல்ல இயலும்.